தொடைக்குள் சவுக்குத் தோப்பு

கரண்ட் போயிருந்த மத்தியானம். திண்டிவனத்தில் அப்படியொரு புழுக்கம். வாசல் வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை, கொடியில் காய்ந்த புடவை அப்படியே தொங்கியது, தாளித்த கடுகின் வாசனைகூட எங்கும் போக வழியில்லாமல் கூடத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து, சவுக்குத் தோப்பில் காற்று புகுந்து இரைகிற சத்தம் விருத்தாசலத்தின் காதில் விழுந்தது.

"ஜெயம், வெளிய காத்தடிக்குதா?"

"காத்தா? நீங்க வேற! வெந்துக்கினு கெடக்குது ஊரு," என்றாள் அவன் மனைவி, விசிறியை வீசிக்கொண்டே.

அவன் காதைப் பொத்திப் பார்த்தான். சத்தம் குறைவதாவது, கூடத்தான் செய்தது. தேடித் தேடிக் கடைசியில் கையை இடது தொடைமேல் வைத்தான். உள்ளங்கையில் அது அதிர்ந்தது.

அங்கேதான் விழுப்புரத்து டாக்டர் ஆர்த்தி இறக்கிய கம்பி இருந்தது. தொடை எலும்பு உள்ளே குழலாக இருக்குமாம். இடுப்புப் பக்கம் சின்னதாகக் கீறி, அந்த வழியாக நீளக் கம்பி ஒன்றை எலும்புக்குள் விட்டு, முறிந்த துண்டுகளைக் கோத்து, மேலும் கீழும் திருகாணி போட்டுவிட்டால் சீக்கிரமே காலை ஊன்றலாம். கம்பிக்கு நடுவிலும் துளை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தாள். அதற்குள் காற்று எப்படிப் போகும் என்று யாரைக் கேட்பது?

சவுக்குத் தோப்பு என்றாலே அவன் நினைவுக்கு வருவது ஒரே தோப்புதான். மறைப்பானேன்? மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்கிற இந்தப் பெரிய மனுஷன், போன மாசம் ஒரு ராத்திரி புதுச்சேரியில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு, கிளியனூர் தாண்டி ரோட்டின் தப்பான பக்கத்தில் கார் ஓட்டி வந்து, எதிரே பைக்கில் வந்த புகழேந்தி என்ற பையனைத் தூக்கி அடித்தான். பையன் பைக்கோடு தோப்புக்குள் போய் விழுந்தான். கார் மரத்தில் மோதி இவன் தொடை முறிந்தது. காற்றின் இரைச்சலுக்கு நடுவே, "அண்ணே, நான் இங்க கெடக்கறேண்ணே," என்று அந்தப் பையன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அந்தக் குரல் முனகலாகத் தேய்ந்துவிட்டது.

"கூட வேற யாருக்காச்சும் அடியா?" என்று ஆம்புலன்ஸ்காரர் குனிந்து கேட்டார். பிழைத்தால் பையன் வாயைத் திறப்பான் என்ற புத்தி அந்த வலியிலும் வேலை செய்தது, பாவிக்கு! "யாருமில்ல," என்றான். விடிந்து தோப்புக்கு வந்தவர்கள் பிணத்தைத்தான் பார்த்தார்கள். மோதியதுமே மயங்கிவிட்டதாகப் போலீசிடம் சொன்னான், அவர்களும் எழுதிக்கொண்டு போனார்கள்.

வெயில் தாழ்ந்தபோது பையனின் அம்மா சவுரியம்மாள் வந்தாள். வெள்ளாமைக் காட்டில் கூலி வேலை செய்கிறவள். கையில் மண் காய்ந்திருந்தது. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

"கோச்சிக்காதீங்கய்யா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எம் புள்ள கூப்பிட்டானா?"

தொடைக்குள் இரைச்சல் சட்டென்று நின்றது.

"அவனுக்கும் தொடதான் ஒடஞ்சிருந்துது. ரத்தமெல்லாம் உள்ளயே எறங்கிப் போச்சாம். ஜல்தியா தூக்கியாந்திருந்தா உங்களுக்குப் போட்ட மாதிரி கம்பி போட்டு நடக்க வச்சிருப்போம்னு ஆசுபத்திரியில சொல்றாங்க. எம் புள்ள சும்மா கெடந்திருக்க மாட்டான்யா. கால்ல முள்ளு தச்சாவே தெருவக் கூட்டுவான்."

தொடைக்குள் ஏதோ ஒன்று, விருத்தாசலத்தின் பதிலுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால்?

"மயங்கிக் கெடந்தேம்மா. ஒண்ணும் கேக்கல."

"அம்மா," என்றது தொடை.

அவளுக்குக் கேட்டதோ என்னவோ, அவன் காலையே வெகுநேரம் பார்த்தாள். "சரிய்யா. கேட்டும் கேக்காத மாதிரி எவனாச்சும் இருந்திருந்தா, எம் புள்ள அவன உட மாட்டான்." குனிந்து வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளி, வீட்டைப் பார்த்துத் தூற்றினாள்.

"ஏம்மா! இன்னாத்துக்கு மண்ணத் தூத்துற?" என்று ஜெயம் அலறிக்கொண்டு ஓடினாள். சவுரியம்மாள் திரும்பாமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு அது ஓயவில்லை. படுத்தால் இரைச்சல். புரண்டால் முனகல். வாக்கரைப் பிடித்துக் காலை ஊன்றினால், ஊன்றுகிற ஒவ்வொரு தடவையும் எலும்புக்குள்ளிருந்து, "அண்ணே." சவுக்குச் சருகின் ஈர வாசனை போர்வையிலேயே ஏறிவிட்டது. ஜெயத்துக்குச் சத்தமும் கேட்கவில்லை, வாசனையும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் விழுப்புரம் போய் டாக்டர் ஆர்த்தியின் மேஜைமுன் அழுதே விட்டான். "கம்பிய எடுத்துடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமா போவும்."

"எலும்பு கூடுறதுக்குள்ள எடுத்தா கால் நிக்காதுங்க. மொதல்ல எக்ஸ்ரே பாத்துடலாம்."

எக்ஸ்ரே மேஜை சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கம்ப்யூட்டரில் படம் வந்தது. படம் எடுத்த திருமுருகன் எழுந்து நின்றுவிட்டான். ஆர்த்தி திரையருகே குனிந்தாள்.

கண்ணாடி வழியாக விருத்தாசலத்துக்கும் தெரிந்தது. வெள்ளைக் கம்பி. மேலும் கீழும் திருகாணி. முறிவு இருந்த இடத்தில், கம்பியைச் சுற்றி, மெல்லிய எலும்புகள்.

விரல்கள்.

கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த ஒரு கை.

"இன்னொரு தடவ எடுங்க," என்றாள் ஆர்த்தி.

"கேட்டுச்சு!" என்று கத்தினான் விருத்தாசலம். "கூப்பிட்டான்! கேட்டுச்சும்மா! நாந்தான் இல்லன்னுட்டேன்!" சொல்ல வேண்டியவளிடம் நேற்றே சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது படம் வந்தது. இப்போது இரண்டு கைகள். ஒன்றுக்கு மேல் ஒன்று. கிணற்றுக் கயிற்றைப் பிடித்து ஏறுகிறவன் வைக்கிற மாதிரி. மேல் கை இடுப்பை எட்டியிருந்தது.

திருமுருகன் கதவைத் திறந்துகொண்டு ஓடினான்.

உள்ளே காற்றில்லை. குரலில்லை. வலிகூட இல்லை. விருத்தாசலம் தலையைத் தூக்கித் தன் இடுப்பைப் பார்த்தான். கம்பியை இறக்கிய இடத்தில் தையல் ஆறிய தழும்பு, உள்ளிருந்து, ஒரு விரல் நுனி அளவுக்கு உப்பியது.

பக்கத்தில் இன்னொன்று.