மஞ்சள் காட்டிய வீடு

துறைமுக வாசலில் ஜெசிந்தா கையை நீட்டினாள். மணிக்கட்டில் இருந்த கருக்காப்பு வளையம் நீலமாக ஒளிர்ந்ததும் கதவு திறந்தது. கருவுற்ற பெண்களுக்கு அது அன்றாட வழக்கம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்கும் தொலைக் கிரேனை அவள் இயக்கத் தொடங்கினாள்.

உடலையும் சுற்றியுள்ள காற்றையும் வெப்பத்தையும் கவனித்து, குறைமாதப் பிரசவ அபாயத்தைக் கணிக்கும் வளையம் அது. அவளுக்கு அபாயம் ஏற்கெனவே கூடுதல். முதல் பிள்ளை ஆறாம் மாதக் கடைசியில் பிறந்து, பிழைக்கவில்லை. கிரேன் வேலைதான் காரணம் என்றாள் மாமியார் அமலோற்பவம். தெருவே அதைத் திருப்பிச் சொன்னது. ஜெசிந்தாவும் நம்பிவிட்டாள்.

இந்த முறை ஏழாம் மாதத்தில், வீட்டில் இருக்கும்போது வளையம் நீலம் மாறி, அபாயத்தைக் காட்டும் மஞ்சளானது. வேலையை விட்டுவிடச் சொல்லி மாமியார் மன்றாடினாள். கணவன் கான்ஸ்டனும் அதையே சொன்னான். மஞ்சள் விழுந்தால் சூழல் செவிலியர் வீட்டுக்கு வந்து, ஆபத்து எங்கே என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். வந்தவர் நூர்ஜஹான். வளையத்தின் பதிவுகளை இடவாரியாகச் சுவரில் ஒளிரவிட்டார். துறைமுகம் முழுக்க நீலம். தகரக் கூரை போட்ட அடுப்படியும், கான்ஸ்டன் சிகரெட் பிடிக்கும் முன்னறையும் மஞ்சள்.

"வேலையை விட்டுரவா சிஸ்டர்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"நீங்க எதையும் விட வேண்டாம்மா. ஆபத்து எங்க இருக்கோ அதைத்தான் மாத்தணும்."

அமலோற்பவம் கேட்டாள். "அப்ப மூத்த பிள்ளை?"

"அன்னைக்கு இந்த வளையம் இல்ல. எதனாலன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது. இவங்கதான் காரணம்னு சொன்னது தப்பு."

கூரைக்கு வெப்பத்தடுப்புப் பூச்சு போட்டார்கள். மருத்துவமனையில் வாராவாரம் பரிசோதனை. சிகரெட்டை விடச் சொன்னதில் கான்ஸ்டனுக்கு முகம் சுண்டிப்போனது. பிறகு சிகரெட்டையும் விட்டான், சமையலையும் அவனே எடுத்துக்கொண்டான். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது; யாரும் குறை சொல்லவில்லை. வளையம் மெல்ல நீலத்துக்குத் திரும்பியது.

மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பெண் பிறந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த அம்மாள், மருமகள் எத்தனை மாதம் ஓய்வெடுத்தாள் என்று விசாரித்தாள்.

"ஓய்வா?" என்றாள் அமலோற்பவம், வார்டு முழுக்கக் கேட்கும்படி. "ஒன்பதாம் மாசம் வரைக்கும் கப்பல் கப்பலா இறக்கியிருக்கா என் மருமக."

இத்தனை வருஷமாக அந்தத் தெருவில் தலை குனிந்தே நடந்த ஜெசிந்தா, பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.