பொத்தான் முதுகில் திரும்பி நின்ற முடி

பொத்தான் பழுப்பு நிற நாய் என்றுதான் நினைவு. செவலையாகவும் இருந்திருக்கலாம். நடந்து ரொம்ப நாளாயிற்று, நிறத்தை நான் தப்பாகச் சொல்லக்கூடும். ஆனால் அதன் முதுகில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் முடி தலைப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதில் சந்தேகமில்லை.

அதை வளர்த்து, அதற்குப் பெயர் வைத்தவர் தெருமுனை இஸ்திரிக் கடை மாமா. தெருவில் எல்லாருக்கும் பெயர் வைப்பது அவர்தான். எதிர்வீட்டுச் சிறுமிக்குக் குண்டூசி என்று பெயர். ஒல்லியாக இருப்பாள், எதையும் குத்திக் குத்திக் கேட்பாள். அவளுடைய அம்மா கால்நடை மருத்துவர். அவருக்கு மட்டும் மாமா பெயர் வைக்கவில்லை. அவர் கையில் நிஜ ஊசி இருந்தது.

இந்தக் கதை நடப்பதற்கு ஆறு மாதம் முன்பு, சூடான இஸ்திரிப் பெட்டி மேசையிலிருந்து நழுவி, கீழே தூங்கிய பொத்தானின் முதுகில் விழுந்துவிட்டது. வெந்த இடம் தானாக மூடாது. அதனால் குண்டூசியின் அம்மா பக்கத்திலிருந்த நல்ல தோலைத் திருப்பி, காயத்தின் மேல் இழுத்துத் தைத்தார். தோல் பிடித்துக்கொண்டது. முடியும் முளைத்தது. ஆனால் எதிர்ப்பக்கமாக.

மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் கடையில் ஒரு சுருக்கம் தங்காது. தினமும் பிரஷ்ஷை நனைத்து, அந்த முடியை வால்பக்கமாக அழுத்தி அழுத்தித் தேய்த்தார். கையை எடுத்ததும் அது பழையபடி சாய்ந்துகொள்ளும். இன்னும் அழுத்தித் தேய்ப்பார்.

கொஞ்ச நாளில் பொத்தான் அவரைக் கண்டாலே மேசைக்கடியில் பதுங்க ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை குண்டூசி சீருடையை இஸ்திரிக்குக் கொடுக்கப் போனபோது, மாமா பொத்தானின் தட்டையும் சங்கிலியையும் ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பொத்தான் எங்க மாமா போகுது?"

"சாயங்காலம் என் தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போறா. அங்கயாவது நிம்மதியா இருக்கட்டும்."

"ஏன்?"

மாமா ஒரு சட்டையை மடித்தார். இன்னொன்றையும் மடித்தார்.

"சூடு வெச்ச கை இது. அது மறக்கல. என்னைப் பார்த்தாலே பயப்படுது."

குண்டூசி மேசைக்கடியில் தவழ்ந்து போனாள். பொத்தான் முதுகில் அந்த இடத்தில் தோல் சிவந்து, செதில் செதிலாக உரிந்திருந்தது. மாமா வெறுங்கையோடு குனிந்தபோது பொத்தானின் வால் மெல்ல ஆடியது. பிரஷ்ஷை எடுத்ததும் நின்றுவிட்டது.

குண்டூசி அம்மாவிடம் ஓடினாள்.

"அந்த முடி ஏம்மா திரும்ப மாட்டேங்குது?"

அம்மா ஒரு பூனையின் காதைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தோல்ல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி செல் நிறைய இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் மேல் எது, கீழ் எதுன்னு தெரியும். தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம்னும் தெரியும். பக்கத்துல இருக்கிறதோட சேர்ந்து ஒரே பக்கம் பார்த்து நிக்கும். அதான் முடியும் ஒரே பக்கம் சாயுது. நான் தோலைத் திருப்பி வெச்சேன். அதுங்க பழைய திசையை விடல."

"தேய்ச்சா?"

"புது முடி முளைச்சாலும் அப்படித்தான் சாயும். அடியில புதுசா பிறக்கிற செல்தான் மேல ஏறி வந்து தோலை மூடணும். அது வர்றதுக்குள்ள இவர் தேய்ச்சே எடுத்துடறார்."

"மாமாகிட்ட சொல்லலாமே."

"மூணு தடவை சொன்னேன். சரிங்க டாக்டர்னு சொல்லிட்டுப் போய்த் தேய்க்கிறார்."

குண்டூசி மெதுவாக நடந்து திரும்பி வந்தாள். சொன்னால் போதாது என்று தெரிந்துவிட்டது. கடை வாசலில் வெகுநேரம் நின்றாள்.

"மாமா, வெல்வெட் துணி வந்தா எப்படித் தேய்ப்பீங்க?"

"வெல்வெட் மேல பெட்டியையே வைக்கக்கூடாது. அது எந்தப் பக்கம் சாயுதோ, அந்தப் பக்கமா கையால தடவி விடணும். எதிர்ப்பக்கம் அழுத்தினா துணி போச்சு."

சொல்லிவிட்டு மாமா மேசைக்கடியில் பொத்தானைப் பார்த்தார். பெட்டி ஓரமாகக் கிடந்து ஆறியது. பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்கோங்க மாமா. பார்த்தா உங்க கை சும்மா இருக்காது."

அவர் கையைப் பிடித்து, அந்த இடத்தில் முடி போகும் பக்கமாகவே, செதில் உதிராமல் மெல்லத் தடவ வைத்தாள். பொத்தான் முதலில் விறைத்தது. பிறகு பெருமூச்சு விட்டது. பிறகு அவர் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டது.

"மெத்துன்னு இருக்கு," என்றார் மாமா. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அதுக்கு உங்க மேல பயமில்ல. பிரஷ் மேலதான்."

சாயங்காலம் தங்கச்சி வந்தார்.

"நாய் எங்கண்ணே?"

"அது வரலையாம்."

"நாயா சொல்லுச்சு?"

"குண்டூசி சொல்லுச்சு."

தங்கச்சி தேநீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பிப் போனார். மூன்று வாரத்தில் பொத்தானின் தோல் ஆறியது. மாமா மேசை விளிம்பில் ஒரு மரச்சட்டம் அடித்தார், பெட்டி அதன்பிறகு விழவில்லை. குண்டூசியின் அம்மா பெரிய மருத்துவமனைக்கு மாறிப் போனார். குண்டூசி வளர்ந்து பேருந்து ஓட்டுநர் ஆனாள். பொத்தான் பதினான்கு வயதுவரை இருந்தது. ஒருநாள் விடாமல் மாமாவின் காலடியில்தான் தூங்கியது.