வலது கால் சாட்சி

பிணத்தின் வலது கால் பனிச்சறுக்குப் பலகையில் இருந்தது.

இடது கால் வெறுமனே கிடந்தது.

பரஸ்தூ அதைத்தான் முதலில் பார்த்தாள். உடைந்த பின்மண்டையை அல்ல. பனியில் உறைந்திருந்த ரத்தத்தை அல்ல. கால்களை.



காலை ஆறரை மணி. இரண்டு நாள் பனிப்புயல் முந்தின நாள் மாலைதான் ஓய்ந்திருந்தது. எல்பூர்ஸ் மலைக்கு மேல் வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி. மலை மேலே ஏற்றிச்செல்லும் நாற்காலி லிஃப்டின் ஒன்பதாவது தூணுக்குக் கீழே, முழங்கால் ஆழப் பனியில், குப்புறக் கிடந்தான் ஹூமன். வயது முப்பத்தொன்று. தெஹ்ரானில் பலகை வாங்கும் பையன்கள் பாதிப் பேர் அவன் போஸ்டரைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள்.

"நேத்து சாயங்காலம் ஒரு மணி நேரம் லிஃப்ட் ஓட்டினோம்," என்றார் லிஃப்ட்காரர். "நாற்காலியிலேந்து தவறி விழுந்துட்டான் போல. குறுக்குக் கம்பிய எறக்கிக்கடான்னு நூறு தரம் சொல்லியாச்சு."



லிஃப்ட் நாற்காலியில் வருகிறவனுக்கு ஒரு கால்தான் பலகையில் கட்டியிருக்கும். முன் கால். பின் கால் சும்மா தொங்கும். ஹூமனுக்கு முன் கால் இடது. பன்னிரண்டு வருஷமாக இடது.

அப்படியானால்... இவன் விழவில்லை. இவனைக் கொன்று, காலில் பலகையைக் கட்டி, கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

அவளை நடுங்க வைத்தது அதுகூட அல்ல. சறுக்குப் படம் எடுக்க வந்திருக்கும் இந்தக் குழுவில் வலது காலை முன்னால் வைத்துச் சறுக்குகிற ஆள் ஒருவர்தான்.

பரஸ்தூ.

கேப்டன் வஸீரி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சினார். கீழே கிராமத்துக் காவல் சாவடியிலிருந்து இடுப்பளவு பனியில் நடந்தே வந்திருந்தார். கோட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி, விடுதியின் கம்பளத்தில் ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது.

"பரஸ்தூ கானும்," என்றார். பெண்ணுக்கு 'கானும்', ஆணுக்கு 'ஆகா': அந்த ஊர் மரியாதை. "எனக்கு இந்தப் பலகை விளையாட்டு சுத்தமா தெரியாது. தப்பா கேட்டா மன்னிச்சுக்கணும்."

"கேளுங்க கேப்டன்."

"உங்க முன் கால் எது?"



"...வலது."

"உங்க குழுவுல மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் இடது. மெஹ்ராப் ஆகா மட்டும் பலகையில ஏறமாட்டாரு. அவர்தான் எங்க டைரக்டர், கேமராமேன் எல்லாம்."

"ஒருத்தர் பதட்டத்துல இன்னொருத்தர் காலக் கட்டினா, எந்தக் காலக் கட்டுவாரு? தன் பழக்கத்துலதானே கை போகும்?"

 கேப்டன் அவசரப்படவில்லை. இன்னொரு சர்க்கரைக் கட்டியைத் தேர்ந்தெடுத்தார்.

"நேத்து மத்தியானம், சாப்பாட்டு மேஜையில, பத்து பேர் முன்னால ஹூமன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"'அரக்கன் சுவர்ல நீ எப்படி இறங்கிடறன்னு நானும் பாத்துடறேன்'னு சொன்னேன்."

"அது என்ன சுவர்?"

"வடக்கு முகடு தாண்டி இருக்கற செங்குத்துச் சரிவு. என் தம்பி கஸ்ரா போன வருஷம் படப்பிடிப்புல அங்கதான் செத்தான். பனி மொத்தமா பிச்சுக்கிட்டு வந்துடுச்சு. ரேடியோவுல வலது பக்கம் இறங்கச் சொன்னாங்களாம். இவன் சொன்ன பேச்சு கேக்காம இடது பக்கம் போனானாம். விசாரணையில அப்படித்தான் எழுதி முடிச்சாங்க."

"ம்."

"இந்த வருஷம் அதுல நான் இறங்கறதா இருந்தது. அவன் பேருக்காக. நேத்து ஹூமன் திடீர்னு, 'நீ வேணாம், நான் இறங்கறேன், காரணத்த நாளைக்குச் சொல்றேன்'னான். எனக்குக் கோபம் வராதா?"

"காரணம் சொன்னாரா?"

"எங்க சொன்னான்... அதுக்குள்ளதான் போயிட்டானே."

கேப்டன் எழுந்தார். கிளாஸைத் தட்டில் வைத்தார்.

"பன்னெண்டு மணிக்கு ரோட்டுல பனி தள்ளி முடிச்சிடுவாங்க. தெஹ்ரானுக்குப் போறோம். அதுவரைக்கும் உள்ள இருங்க."

"கேப்டன், கோபத்துல வாய் தவறி வந்த வார்த்தை அது."

"கோபத்துலதாம்மா எல்லாரும் சொல்றாங்க. தூக்கு மாட்டறவனுக்குத்தான் கோபமே கிடையாது."

பலகைகளுக்கு மெழுகு தேய்க்கிற அறை. ஜன்னல் இல்லை. வெளியே பூட்டு விழுந்தது.

பரஸ்தூ தரையில் உட்கார்ந்தாள். இருபத்தேழு வயது. இரண்டு முறை உடைந்த மணிக்கட்டு. தம்பி போய்விட்டான். இப்போது கழுத்து மட்டும்தான் பாக்கி.

பதினொன்று அடிக்கக் கால் மணி இருக்கும்போது பூட்டில் சாவி நுழைகிற சத்தம்.

"ஷ்ஷ்... நான்தான்."

மெஹ்ராப். நாற்பத்தைந்து வயது. ஒற்றைக் கண்ணை எப்போதும் கொஞ்சம் சுருக்கியே வைத்திருப்பார். லென்ஸில் பார்த்துப் பார்த்து முகமே அப்படி ஆகிவிட்டது.

"சாவி எப்படி..."

"கேப்டன் கோட்ட கணப்புகிட்ட காயப் போட்டுட்டு நாஷ்டா சாப்பிடறாரு. பாக்கெட்லயே இருந்துச்சு. எழுந்திரு பரஸ்தூ ஜான். நேரம் இல்ல."

"எங்க?"

"பின்னால பனி வண்டி நிக்குது. உன் பலகையும் எடுத்து வெச்சுட்டேன். வடக்கு முகடு வரைக்கும் நான் கொண்டு விடறேன். அரக்கன் சுவர்ல இறங்கினா அந்தப்பக்கம் காஸ்பியன் ரோடு. என் மச்சினன் வண்டியோட நிப்பான்."

"புதுப் பனி, மெஹ்ராப் ஆகா. ராத்திரி முழுக்க காத்து வேற. சுவர் தாங்காது."

"காலைலதான் பெரிய லென்ஸ் போட்டுப் பாத்தேன். கல்லு மாதிரி இருக்கு."

புயல் ஓய்ந்த மறுநாள் எந்தச் சரிவும் கல் மாதிரி இருந்ததில்லை. பரஸ்தூவுக்கு அது தெரியும்.

"நான் கொல்லலன்னு நீங்க நம்பறீங்களா?"

"நம்பறதென்ன... எனக்குத் தெரியும்," என்றார் மெஹ்ராப்.

கயிறா, பனியா? பனியிடமாவது ஓடிப் பார்க்கலாம். அவள் எழுந்தாள்.

முகட்டில் காற்று இல்லை. அந்த அமைதியே சரியாகப் படவில்லை. பரஸ்தூ ஒரு அடி எடுத்து வைத்தபோது, காலுக்கடியில் பனி 'வும்ம்...' என்று பெருமூச்சு விட்டு ஒரு விரற்கடை கீழிறங்கியது.

பனியின் அடியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. தொட்டால் மொத்தமும் கிளம்பும்.

திரும்பிப் பார்த்தாள். மெஹ்ராப் கேமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"பழக்கம். நீ போறத ஒரு ஷாட் எடுத்துக்கறேன். யாருக்கும் காட்டமாட்டேன்."

கேமராவின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது.

பரஸ்தூ விளிம்பில், அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பலகையைக் காலடியில் வைத்தாள்.

"சீக்கிரம். மேகம் வருது, லைட் போயிடும். மொதல்ல இடது காலக் கட்டு."

அவள் கை இடது காலை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"இடதா?"

"அதான்... இந்தக் கால்."

மெஹ்ராப்பின் விரல் அவளுடைய வலது காலைக் காட்டியது.

குழுவில் எல்லோரும் சிரிக்கிற பழைய விஷயம் அது. மெஹ்ராப்புக்கு இடது என்றால் படத்தின் இடது. லென்ஸைப் பார்த்து நிற்கிறவனுக்கு அது வலது. ரேடியோவில் அவர் 'இடது' என்றால், பழகினவர்கள் மனதுக்குள் புரட்டிப்போட்டு வலது பக்கம் இறங்குவார்கள்.

பழகினவர்கள்.

கஸ்ரா குழுவில் சேர்ந்து நாலாவது நாள் செத்தான்.

பரஸ்தூவின் விரல்கள் வலது காலின் பட்டையை மெதுவாக இறுக்கின. குரலை வழக்கம் போல வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"மெஹ்ராப் ஆகா... ஹூமனுக்கு முன் கால் எது?"

"வலது," என்றார் அவர், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

லென்ஸில் பார்த்தால், ஹூமனின் இடது கால் படத்தின் வலது ஓரத்தில் இருக்கும். பத்து வருஷமாக மெஹ்ராப்புக்கு அதுதான் வலது கால். பிணம் மல்லாந்து கிடந்திருந்தால் கை சரியான காலுக்கே போயிருக்கும். பிணம் குப்புறக் கிடந்தது; வலது ஓரத்தில் இருந்தது நிஜமான வலது கால்.

"கஸ்ராவுக்கு ரேடியோவுல என்ன சொன்ன?" பரஸ்தூ கேட்டாள். 'நீங்க' எங்கேயோ போய்விட்டது.

மெஹ்ராப் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். ஷாட் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர் போல.

"இடதுன்னு சொன்னேன். என்னோட இடது. அவன் புதுசு, அவனோட இடதுக்குப் போயிட்டான்."

"விசாரணையில?"

"வலதுன்னு சொன்னதா சொன்னேன்."

"ஹூமனுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"கோடையில ஒரு இடையன் உன் தம்பி ஹெல்மெட்ட எடுத்து வெச்சிருக்கான். கேமராவோட. போன வாரம்தான் ஹூமன் கைக்கு வந்துச்சு. அதுல என் குரல் இருக்கு. உன்கிட்ட சொல்லியே தீருவேன்னு நின்னான். எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்."

பேச்சு நடந்துகொண்டிருக்க, அவள் கைகள் இடது காலுக்கு நகர்ந்தன. பட்டை... பூட்டு... டக். டக்.

"வாய் தவறினதுதானே? எங்ககிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா? அப்புறம் எவன் என் கேமரா முன்னால இறங்குவான்?"

மெஹ்ராப் அவளை நோக்கி நடந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"ஹூமனைக் கொன்ன பொண்ணு, தப்பிச்சு ஓடினப்ப சரிவுல செத்துட்டா. கேஸும் முடிஞ்சது, படமும் முடிஞ்சது. லைட் போகுது, பரஸ்தூ ஜான்."

இரண்டு கைகளாலும் தள்ளினார்.

வானம் ஒரு தரம் சுழன்றது. முதுகு பனியில் மோதியது. அடுத்த நொடி பலகை பனியைக் கவ்வியது. எழுந்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால், முகட்டுக்குக் கீழே, ஒரு கோடு விழுந்தது. நீலமாக. நீளமாக. யாரோ துணியைக் கிழிப்பது போல.

அரக்கன் சுவர் மொத்தமாக நகர ஆரம்பித்தது.

நேராகக் கீழே ஓடுகிறவனைப் பனி துரத்திப் பிடித்துவிடும். பரஸ்தூ கீழே ஓடவில்லை. வலது காலை வளைத்துக் குறுக்கே வெட்டினாள். நூறு அடி தூரத்தில் கறுப்பாக ஒரு பாறை முதுகு. போன வருஷம் தம்பி இறங்கியிருக்க வேண்டிய வலது பக்கம். காலடியில் பனி துண்டு துண்டாக உடைந்தது. ஐம்பது அடி... இருபது... பலகையின் வால் அந்தரத்தில் ஆடியது... விரல்கள் பாறையைப் பிடித்தன.

ரயில் ஒன்று அவளை உரசிக்கொண்டு பள்ளத்தாக்குக்குள் போனது மாதிரி இருந்தது. பிறகு பனித்தூள். பிறகு நிசப்தம்.

ஜாக்கெட் மார்பில் எப்போதும் மாட்டியிருக்கும் குழு ரேடியோ கரகரத்தது.

"கேப்டன்... ஹூமனோட ரேடியோ உங்ககிட்டதானே இருக்கு? கேக்குதா? பரஸ்தூ தப்பிச்சு ஓடி வந்துட்டா. தடுக்கத்தான் பின்னாலயே வந்தேன். இறங்கிட்டா கேப்டன்... சுவர் மொத்தமும் போயிடுச்சு. சின்னப் பொண்ணு..."

மெஹ்ராப் அழுதார். நன்றாகவே அழுதார்.

பரஸ்தூ பொத்தானை அமுக்கினாள்.

"பாறை மேல உக்காந்திருக்கேன் மெஹ்ராப். கேமராவக் கொஞ்சம் திருப்பு, ஃபிரேம்ல வந்துடுவேன்."

அழுகை பட்டென்று நின்றது.

முகட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி, முக்காலியை நோக்கி ஓடுவது தெரிந்தது.  அவர் பேசினதும் தள்ளினதும் அந்தக் கேமராவில்தான் இருக்கிறது. அது பள்ளத்தில் விழுந்தால் மறுபடியும் கயிறு. இங்கிருந்து அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை.

புள்ளி முக்காலியை நெருங்கியது.

முகட்டில் இன்னொரு புள்ளி முளைத்தது.

"அதத் தொடாதீங்க மெஹ்ராப் ஆகா." ரேடியோவில் கேப்டன் வஸீரியின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் விடுதியில இல்ல. உங்க முதுகுக்குப் பின்னால இருக்கேன். துப்பாக்கியும் இருக்கு."

முதல் புள்ளி அசையாமல் நின்றது. இரண்டாவது புள்ளி அதை நெருங்கி, கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நின்றது.

பிறகு ரேடியோ.

"பரஸ்தூ கானும், முழுசா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"தள்றதுக்கு முன்னாலயே வந்திருக்கணும். அந்த லிஃப்ட் நடு வழியில பத்து நிமிஷம் தொங்கவிட்டுடுச்சு. என்ன மன்னிச்சுடுங்க."

"நான்தான் கொலைகாரின்னு உள்ள வெச்சுப் பூட்டினீங்களே."

"உங்களயா? எந்தக் கால் முன்னாலன்னு பலகையே சொல்லிடும், ஏறினவன் எவனும் இப்படிக் கட்டமாட்டான்னு லிஃப்ட்காரர் அப்புறமா பலகையப் பாத்துட்டு அடிச்சு சொல்லிட்டாரு. ஏறாதவன் யாருன்னு நீங்க சொன்னீங்க. சாவிய கோட்டுல விட்டு, கோட்ட கணப்புகிட்ட விட்டேன். அவன்தான் எடுக்கறானான்னு பாக்கத்தான்."

"என்னத் தூண்டில்ல மாட்டிட்டு நீங்க நாஷ்டா சாப்பிட்டீங்களா?"

"முட்டை ஆறிப்போச்சும்மா. சத்தியமா ஒரு வாய்தான்."

பரஸ்தூவுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை.

"நீங்க மெதுவா இறங்குங்க," என்றார் கேப்டன். "நான் அந்த நாற்காலியில இந்த ஜென்மத்துல ஏறமாட்டேன். இவன் வந்த பனி வண்டியிலயே இவனக் கூட்டிட்டு வந்துடறேன்."

ரேடியோ கொஞ்ச நேரம் சும்மா கரகரத்தது.

"ஒரு சின்னச் சிக்கல், கானும். எனக்கு இத ஓட்டத் தெரியாது. தெரிஞ்சவனுக்கு இப்பதான் கையப் பின்னால வெச்சு விலங்கு மாட்டினேன்."