ஸ்டாக்கில் ஒரு விளக்கு குறைகிறது!

சீதாலட்சுமி போட்ட அலறலில் எதிர்க்கடை ஷட்டர் மேல் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமும் எழும்பின.

ஞாயிற்றுக்கிழமை. மதியம் ரெண்டு மணி.

சாப்பாட்டுக்கு வராத புருஷனைத் தேடிக் கடைக்கு வந்தவள், மாடி குடோனில் அவரைப் பார்த்துவிட்டாள்.

சௌந்தரராஜன். கோரிப்பாளையத்தில் பெரிய பாத்திரக்கடை முதலாளி. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது.

ஆயுதம் மட்டும் சிக்கவில்லை.

சிக்குமா? கடை முழுக்க உலக்கை, அண்டா, குத்துவிளக்கு... எதை எடுத்து அடித்தான் என்று கண்டுபிடிக்க அந்த ஆண்டவனே வந்தாலும் தலையைச் சொறிய வேண்டியதுதான்!

ஆனாலும் சாயங்காலமே போலீஸ் ஒருத்தனைத் தூக்கிவிட்டது.

சாய்பிரசாத்.

*

திங்கட்கிழமை. காலை பதினோரு மணி.

அதே மேஜை. அதே கம்ப்யூட்டர். முன்னால் பிருந்தா. சாய்பிரசாத்தின் தங்கை.

அண்ணனும் தங்கையும் திருநகர் வீட்டின் முன்னறையில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார்கள். இந்தக் கடையின் ஸ்டாக்கை வெப்சைட்டோடு இணைத்தது அவர்கள்தான். கடையில் ஒரு குடம் விற்றால் வெப்சைட்டிலும் ஒரு குடம் தானாகக் குறையும்.

குறைந்தது. சில நேரம் ரெண்டு தடவை குறைந்தது!

அந்தக் கோளாறுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் சாய்பிரசாத்தை வரச்சொல்லி, வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார் சௌந்தரராஜன்.

"நாலு மணிக்கு உங்கண்ணன கோர்ட்டுக்குக் கொண்டு போறோம்மா." இன்ஸ்பெக்டர் மலையாண்டி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "நேத்து அவன் இதுல என்ன வேல பாத்தான்னு அதுக்குள்ள பிரிண்ட் எடுத்துக் குடு."

"எங்கண்ணன் பதினொன்னே காலுக்கே கெளம்பிட்டான் சார்."

"கெளம்புனத யாரும் பாக்கல. ஆனா சண்டையக் கேட்ட ஆளு இருக்கு."

கண்ணாலேயே மூலையைக் காட்டினார்.

மூலையில் சிவனாண்டி. ஸ்டாக் கீப்பர். இருபத்திமூணு வருஷ சர்வீஸ். முதலாளி செத்த மறுநாளும் தரையில் உட்கார்ந்து எவர்சில்வர் தம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்காத மனுஷன்.

"லீவுன்னாலும் எண்ண வந்திருந்தேன் சார். மொதலாளியும் அந்தத் தம்பியும் அவுக வீட்டு பாஷையில கத்திக்கிட்டாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல." எண்ணுவதை நிறுத்தாமலே சொன்னார். "நமக்கெதுக்கு வம்புன்னு பதினோரு மணிக்கு வாடிப்பட்டி பஸ் ஏறிட்டேன்."

ட்ரிங்... ட்ரிங்...

மேஜை போன் அலறியது. பிருந்தா எடுத்தாள்.

"ஹலோ, மதுர பாத்திரக்கடைங்களா? சிங்கப்பூர்லருந்து பேசுறேன். ரெண்டடி அன்ன விளக்கு ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு சனிக்கெழம வெப்சைட்ல பாத்தேன். இப்ப வாங்கப் போனா இல்லைங்குது. புது வீட்டுக்கு பால் காய்ச்சுறோம்மா, அந்த வெளக்குதான் வேணும்..."

"லைன்ல இருங்க மேடம்."

மறுபடியும் நம்ம சாஃப்ட்வேர் தப்பாகக் கழித்துவிட்டதா?

நேற்றைய பதிவுகளைத் திறந்தாள். கடை லீவு. விற்பனை எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது.

ஞாயிறு, காலை 11.42. அன்ன விளக்கு, 2 அடி. உடைசல் 1. எடை 5.350 கிலோ.

"சார்... நீங்க தேடுற ஆயுதம் இதுதான். நேத்து பதினொன்னே முக்காலுக்கு ஒரு விளக்க உடைசல்னு கழிச்சிருக்காங்க."

மலையாண்டி குனிந்து படித்தார். மீசைக்குள் சிரித்தார்.

"யாரு பாஸ்வேர்டு?"

"கடையில எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் சார்."

"உங்கண்ணனுக்கும் தெரியுமா?"

"...தெரியும்."

"ரொம்ப நன்றிம்மா. நீயே உங்கண்ணன் கழுத்துல கயித்த மாட்டிட்டே."

பிருந்தாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணனைக் காப்பாற்ற வந்து இப்படி மாட்டிவிட்டோமே! கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த வரியை மறுபடி படித்தாள்.

எடை 5.350.

எடை?

கொலை பண்ணிவிட்டு எவன் எடை போடுவான்? சாய்பிரசாத் தக்காளியைக்கூட நிறுத்து வாங்கத் தெரியாத ஜென்மம். உடைசலை எடை போட்டு, மூட்டை கட்டி, உருக்குப் பட்டறைக்கு அனுப்புவது இந்தக் கடையில் ஒரே ஒருத்தர் வேலை.

மெதுவாகத் திரும்பினாள்.

நாற்பத்தி ஏழு, நாற்பத்தி எட்டு... தம்ளர்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

"சிவனாண்டி அண்ணே." குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடாக இருந்தது. "உடைசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க சாஃப்ட்வேர்தான் வழக்கம்போல சொதப்பியிருக்கு. அன்ன விளக்கு ஸ்டாக்க ஒண்ணுன்னு மாத்திடுறேன். சிங்கப்பூர்க்காரங்களுக்கு வித்துரலாம்."

தம்ளர் சத்தம் நின்றது.

"வேணாம் பாப்பா."

"ஏண்ணே?"

"வேணாம்னா விடேன்."

"லைன்ல காத்துக்கிட்டிருக்காங்கண்ணே. இந்தா... ஒண்ணு. ஏத்திட்டேன்."

சிவனாண்டி எழுந்தேவிட்டார். மடியிலிருந்த தம்ளர்கள் நாலா பக்கமும் உருண்டன.

"இல்லாத சரக்க இருக்குன்னு ஏத்தாத பாப்பா. அம்புட்டு தூரத்துலருந்து ஒரு பொம்பள நம்பி வாங்குது. அன்னத்தோட மூக்கு ஒடிஞ்சு கெடக்கு. அத வச்சா பால் காய்ச்சுவாங்க?"

"உடைசல்னுதான்ணே கம்ப்யூட்டர்ல இருக்கு." பிருந்தா திரையைக் காட்டினாள். "மூக்குன்னு இல்லையே. பதினோரு மணிக்கே பஸ் ஏறுன ஆளுக்கு மூக்கு ஒடிஞ்சது எப்படித் தெரியும்?"

சிவனாண்டியின் பார்வை சுவரோரம் கிடந்த உடைசல் மூட்டைக்குப் போனது.

மலையாண்டி ரெண்டே எட்டில் உடைசல் மூட்டையை இழுத்து அவிழ்த்துக் கொட்டினார். கறுத்த தவலை, நசுங்கிய சொம்பு, ஓட்டை அண்டா... நடுவில் ஒன்று மட்டும் புளி போட்டு விளக்கி, பளபளவென்று! மூக்கில்லாத அன்னம். அடித்தண்டைத் திருகிக் கழற்றினார். மரைக்குள் புளி போகவில்லை. ரத்தம் காய்ந்திருந்தது.

சிவனாண்டி அப்படியே மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இருபத்திமூணு வருசம் சார். ஒரு கரண்டி தப்புனதில்ல. அந்தத் தம்பி கெளம்புனதும் என்னயக் கூப்புட்டாரு. ஒண்ணாந்தேதியிலருந்து மிஷினே எண்ணிக்கிரும், நீ வீட்ல இருன்னாரு. என் கையில அந்த வெளக்கு இருந்துச்சு..."

"அது சரி." மலையாண்டிக்கே தாங்கவில்லை. "பொணத்தக் காலடியில போட்டுக்கிட்டு எதுக்குய்யா கம்ப்யூட்டர்ல ஏத்துனே? ஏத்தாம விட்டிருந்தா வெள்ளிக்கெழம இந்த மூட்ட உருக்குக்குப் போயிருக்கும். உன்னய ஒரு பயலும் புடிச்சிருக்க முடியாதே."

சிவனாண்டி அவரை வினோதமாகப் பார்த்தார்.

"ஏத்தலைன்னா ஸ்டாக்கு தப்பாகும்ல சார்?"

மலையாண்டி போனைக் கையில் எடுத்து, சிங்கப்பூரை வைக்கச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனைக் கூப்பிட்டார். "அந்த சாய்பிரசாத் பையன விட்டுருங்கய்யா. டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க."

பிருந்தா மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

கீழே ஜீப் உறுமியது. பேப்பரில் சுற்றிய விளக்கோடு மலையாண்டி முன்னால் நடந்தார். கை விலங்கோடு படியிறங்கிய சிவனாண்டி, நாலாவது படியில் நின்று திரும்பினார்.

"பாப்பா... நீ ஏத்துன அந்த ஒண்ண மறக்காமக் கழிச்சிரு."

"சரிண்ணே."

"ஒரு தடவதான் கழிக்கணும். உங்கண்ணன் கையில விட்றாத!"