ஒத்திகைக் காசு போன வழி

காலை ஒன்பதரைக்கு அந்த அலுவலகத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தவள் சிட்டு. பேசியவன் யாரோ ஒரு மென்பொருள்காரன்.

"உங்க பட்டியலை நம்பித்தான் அந்த டூலை எடுத்தேன். என் ரகசியச் சாவியைத் திருடிடுச்சுங்க. வாலட்ல இருந்த டிஜிட்டல் காசு மொத்தமும் காலி."

குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் பாவமாக இருந்தது.

மதியத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது.

மூன்றே பேர் வேலை செய்யும் இடம் அது. பிளாக்செயின் எனும் டிஜிட்டல் காசுச் சங்கிலியில் செயலி கட்டுகிறவர்களுக்கு எந்தக் கருவி உதவும், எந்தச் சேவையை நம்பலாம் என்று ஆராய்ந்து, வகை பிரித்து, இணையத்தில் பட்டியல் போடுவது அவர்கள் தொழில். நடத்துபவர் சித்தப்பா. பட்டியல் எழுதுபவள் அவருடைய அண்ணன் மகள் சிட்டு. கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவருடைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை. களவாணிக் கருவியோ, முதல் நாள் சிட்டுவின் கணக்கிலிருந்து பட்டியலில் ஏறியிருந்தது.

வந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு நல்ல ஜலதோஷம். கைக்குட்டைக்குள்ளிருந்தே கேள்விகள் வந்தன.

"நீ ஏத்தலையா?"

"இல்ல மேடம். அந்தப் பேரையே இன்னைக்குத்தான் கேக்குறேன்."

"உன் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?"

"மூணு பேருக்கும் தெரியும். ஒரே குடும்பம்தானேன்னு..."

"ரொம்ப நல்ல குடும்பம்" என்று சொல்லித் தும்மினார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணன் பொண்ணாச்சேன்னு வேலை குடுத்தேன்" என்று சித்தப்பா முணுமுணுத்தார். இன்று சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை மட்டும் போகாது. திருடி என்று பேர் வந்தபின் இந்தத் தொழிலில் யார் அவளை உள்ளே விடுவார்கள்?

"ஒரு டூலை எப்படிப் பட்டியல்ல சேர்ப்பீங்க?"

"முதல்ல நாங்களே ஓட்டிப் பார்ப்போம் மேடம். டெஸ்ட்நெட்னு ஒண்ணு இருக்கு. நிஜச் சங்கிலி மாதிரியே இருக்கற ஒத்திகைச் சங்கிலி. அதுல ஓட்டினதுக்கான லிங்க்கைப் போட்டாத்தான் பட்டியல் ஏத்துக்கும்."

"செலவு?"

மாப்பிள்ளை குறுக்கிட்டார். "ஒத்திகைக் காசுதான் மேடம், சல்லி பெறாது. இலவசமாக் குடுக்க ஒரு தளம் இருக்கு. அதுவும் சொட்டுச் சொட்டாத்தான் தரும், காத்துக் கிடந்தே தலை நரைச்சுடும். அந்தப் பொறுமை எல்லாம் சிட்டுவுக்குத்தான்."

"உங்களுக்கு?"

"எனக்கென்ன, பழைய இருப்பு கொட்டிக் கிடக்கு."

"இவளுக்குக் கொஞ்சம் குடுக்கறது?"

"அந்த இருப்போட சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு மேடம். தரமாட்டேன், போய்க் காத்திருன்னு கிண்டல் பண்ணுவேன்."

களவாணிக் கருவிக்கும் ஒத்திகை ஓட்டம் இருந்தது. ஓட்டியது முந்தைய நாள் உண்டான ஒரு புதிய முகவரி; சங்கிலியில் ஒரு கணக்கு எண், அவ்வளவுதான். அதில் பேர் இல்லை, ஊர் இல்லை.

"யாரு வேணா நொடியில புது முகவரி உண்டாக்கலாம் மேடம்" என்று மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினார். "இதுக்கு மேல வழியில்ல."

இன்ஸ்பெக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிட்டுவிடம் திரும்பினார்.

"நேத்துப் பொறந்த முகவரி. அது கையில காசு ஏது?"

சிட்டு விழித்தாள். அடுத்த கணம் அவள் விரல் ஓடியது. இலவசத் தளத்திலிருந்து காசு வரவில்லை. வேறொரு முகவரி அனுப்பியிருந்தது. அதைத் தொட்டாள். திரை கீழே கீழே இறங்கிக்கொண்டே போனது. பட்டியலின் முதல் கருவியை ஓட்டிப் பார்த்தது முதல், அந்த முகவரியின் ஒவ்வொரு அசைவும் அப்படியே இருந்தது. சிட்டு அங்கே வேலைக்கு வருவதற்கு முந்தைய காலம் அது.

இன்ஸ்பெக்டரின் கைக்குட்டை மடியில் விழுந்தது. "இத்தனையையும் யாரும்மா எழுதி வைக்கிறாங்க?"

"தனியா ஒருத்தர்னு இல்ல மேடம். எங்கெங்கேயோ இருக்கற கம்ப்யூட்டருங்க. ஒண்ணையொண்ணு நம்பாது. ஆனா எல்லாம் ஒரே கணக்கைத்தான் வச்சிருக்கும்."

கடல் கடந்தும் மலை கடந்தும், முகமறியாத எத்தனையோ பேர் வீட்டு மூலைகளில், அந்த இயந்திரங்கள் கண் மூடாமல் குறித்துக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் உதவாத காசுதானே என்று அவை ஒரு வரியைக்கூட விட்டுவிடவில்லை. இன்ஸ்பெக்டர் திரையில் விரல் வைத்தார்.

"அந்தப் பழைய முகவரி யாரோடது?"

சிட்டுவின் குரல் இறங்கியது. "அத்தானோடது."

"நிஜக் காசா இருந்தா நூறு தடவை யோசிச்சிருப்பீங்க" என்றார் இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையிடம். "செல்லாக் காசை எவன் பார்க்கப் போறான்னு நினைச்சீங்க. காத்திருக்கச் சோம்பல். உங்க இருப்பிலிருந்தே எடுத்து அனுப்பிட்டீங்க. அப்புறம் இவ கணக்குல நுழைஞ்சு டூலை ஏத்தினீங்க. யார் பண்ணச் சொன்னது?"

மாப்பிள்ளை நாற்காலியில் சரிந்தார். "அந்த டூல்காரங்கதான். காசு குடுத்து, ஏத்தினா மட்டும் போதும்னாங்க. இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல."

அவரை அழைத்துக்கொண்டு போன பிறகு சித்தப்பா கேட்டார்.

"சிட்டு, அந்தத் தடத்தை அழிக்க முடியாதா?"

"யாராலயும் முடியாது சித்தப்பா."

அவர் தலையசைத்தார். "அப்போ எச்சரிக்கையை இப்பவே போடு. இன்னும் ஒருத்தன்கூட ஏமாறக் கூடாது."

"யார் ஏத்தினாங்கன்னு எழுதணுமே."

"எழுதத்தான் வேணும்."

"அக்கா படிப்பா."

"அந்தப் பேரை மட்டும் நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் நிறுத்தி வை. அவ அதை என் வாயால கேக்கட்டும்." செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றார். "உன்னைச் சந்தேகப்பட்டேனேம்மா. உங்கப்பா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் சித்தப்பா. அக்கா தனியா இருப்பா, சீக்கிரம் போங்க."