ஹேசல்பெக்கில் ஒரு நன்றி

எடித் ராம்ஸ்டன் காலை முட்டையை உடைக்குமுன், எஞ்சின் டிரைவர் வில்ஃப் கதவையே உடைப்பதுபோலத் தட்டினார்.

"டாக்டரம்மா, என்னை எஞ்சினை விட்டு இறக்கப் போறாங்க!"

எடித் ஊர் மாடுகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்ந்தவர். வாயில்லா ஜீவன்களிடமே உண்மையை வரவழைத்தவருக்கு மனிதர்கள் எம்மாத்திரம் என்பது நோரிஸின் கட்சி. நோரிஸ், எடித் துப்பறியும்போதெல்லாம் தன்னைத்தானே உதவியாளராக நியமித்துக்கொண்டவர். சம்பளம், காலை உணவு.

ஹேசல்பெக் ஸ்டேஷனில் பயணிகள் ஏறி இறங்கி வெகுகாலம். ஆர்வலர்கள் ஓட்டும் பழைய நீராவி வண்டி மட்டும் மாலையில் வந்து தங்கும், காலையில் கிளம்பும். மற்றபடி ஸ்டேஷனைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள்; நேற்றும் ஒரு கல்யாணம். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், அதற்குரிய பித்தளைக் கோல் கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தக் கூடாது. நேற்று அதை ஸ்டேஷன் மாஸ்டர் சிரிலிடம் கொடுத்ததாக வில்ஃப் சொன்னார். வாங்கவே இல்லை என்கிறாராம் சிரில். இன்று வண்டி கிளம்பும் நேரத்துக்குள் கோல் வராவிட்டால், தொலைத்த பழி வில்ஃபுக்கு. எஞ்சின் இல்லாத வில்ஃபை அவர் மனைவியாலேயே கற்பனை செய்ய முடியாது.

"சிரில்தான் ஒளிச்சு வச்சிருக்கான்!" என்றார் நோரிஸ். "ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே கிடையாதே!"

காத்திருப்பு அறைக் கதவு பச்சையா பழுப்பா என்று எட்டு வருடத்துக்கு முன் மூண்ட சண்டை அது.

ஸ்டேஷனில் சிரில் சிவந்த முகத்தோடு நின்றார். "கல்யாணக் கூட்டம் தொலையட்டும்னு தொப்பியையும் கோட்டையும் வாசல் ஆணியில மாட்டிட்டு உள்ள டீ போட்டுக்கிட்டு இருந்தேன் டாக்டரம்மா. வண்டி வந்து வெளிய ஓடினா, இவர் இறங்கிப் போயாச்சு. கோலை வேணும்னே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டார்னு நினைச்சேன்."

எடித் தொப்பியைக் கழற்றச் சொல்லி, பசுவின் காதைப் பார்ப்பதுபோல் உட்பக்கத்தைப் பார்த்தார். பிறகு வில்ஃபிடம் திரும்பினார். "கோலைக் குடுக்கறப்போ மூஞ்சியப் பாத்தியா?"

"அந்த மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்? தொப்பி தெரிஞ்சுது, நீட்டினேன். 'ரொம்ப நன்றிங்க'ன்னு குரல் வந்துச்சு."

"எட்டு வருஷமா பேசாதவர் நன்றி சொல்லுவாரா?" என்ற எடித், தொப்பியின் தோல்பட்டைக்குள்ளிருந்து எதையோ இழுத்தார். இதய வடிவில் வெட்டிய சின்னக் காகிதத் துண்டு. "மணமக்கள் தலையில தூவறது. டீ போட்டவர் தலையில யாரு தூவினாங்க? மாப்பிள்ளை போட்டோவுக்காக இவர் தொப்பியையும் கோட்டையும் மாட்டியிருக்கான். நீ பாக்காமலே கோலை நீட்டின. கல்யாணத்தன்னிக்கு யாராவது எதையாவது நீட்டினா, மாப்பிள்ளை என்ன நினைப்பான்?"

நோரிஸ் மாப்பிள்ளையைத் தேடி ஓடினார். அரைமணிக்குள் மாப்பிள்ளை அசடு வழியக் கோலோடு வந்தான். "பரிசுன்னு நினைச்சோம். குளியலறைத் திரை மாட்ட அளவுகூடப் பாத்துட்டோம்..."

வில்ஃப் சிரிக்கவில்லை. "சிரில்தான் நன்றி சொன்னான்னு, வீட்ல போய்ச் சொல்லிட்டேன். அவளும் சந்தோஷப்பட்டா" என்றார், தன் காலணியிடம்.

சிரில் கோலை வாங்கி, துடைத்து, நீட்டினார். ஆனால் விடவில்லை.

"நான் வெளிய இருந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

"என்னன்னு?"

"அதான்... நன்றின்னு." கோலை விட்டார். "ஆனா கதவு பழுப்புதான்."

"பச்சை!" என்று கத்திக்கொண்டே வில்ஃப் எஞ்சினில் ஏறினார்.

நோரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு புகையைத் திட்டினார். புகை எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.