ஆறு விழுந்தால் கேட்கும்

பகடை விழுந்த சத்தம் சரியில்லை. நகத்தளவு பிளாஸ்டிக் கட்டை மேசையில் உருண்டால் என்ன சத்தம் வந்துவிடும்? இன்றைக்கோ, மாடியில் யாரோ பீரோவை இழுக்கிற மாதிரி கடகடத்து ஓய்ந்தது. கிடங்கு மேலாளர் நிமிர்ந்து மற்ற இருவரையும் பார்த்தார். ஒருவர் முகத்திலும் மாற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே மழை இருட்டு. மேசையைச் சுற்றி அவர், அவர் மனைவி, அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர். ஆடுவது கட்டைவிரல் ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களெல்லாம் அதில் கட்டைவிரல் உயர மனிதர்கள். அடுப்படிதான் காடு, கரப்பான்பூச்சிதான் புலி. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உட்கார்ந்தவர்கள் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். விதிகளையெல்லாம் உண்டாக்கியவர் மேலாளர். அதில் ஒரு விதியைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்: குட்டி ஆள் என்ன கத்தினாலும் பெரியவர்களுக்குக் கேட்காது. ஆறு விழுந்தால் மட்டும் கேட்கும்.

தன் தம்பி செத்துப்போனதிலிருந்து இந்த மேசைப் பக்கமே வராத மனைவி இன்று தானாக வந்து, "நான் நடத்துறேங்க" என்றாள். அப்பாடா, ஒருவழியாகத் தேறிவிட்டாள் என்று மேலாளர் நினைத்துக்கொண்டார்.

அவள் தம்பி, அதாவது அவருடைய மச்சினன், அவரிடமேதான் கிடங்கில் வேலை பார்த்தான். மீன் பெட்டிகளை அடுக்குகிற குளிர் அறை. அன்றைக்கும் இதே மேசையில்தான் ஆட்டம். ஆட்டத்தில் மச்சினனுடைய குட்டி ஆள் ஃப்ரீசருக்குள் அகப்பட்டிருந்தான். மச்சினனோ வேலைக்குப் போயிருந்தான். போன் வந்தது. "மாமா, ஃப்ரீசர்ல மாட்டிக்கிட்டேன் மாமா. கதவைத் திறந்துவிடச் சொல்லுங்க." மேலாளர் அதை அப்படியே மருந்துக்கடைக்காரரிடம் சொல்ல, "வேலை நேரத்துலயும் விளையாட்டா! பயலுக்குக் கொழுப்பைப் பாரு!" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலாளர் பகடையை உருட்டினார். மூன்று. "கேக்கலப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். மறுநாள் காலையில்தான் அறையைத் திறந்தார்கள். கையில் அணைந்த போனோடு விறைத்துக் கிடந்தான்.

விளையாட்டு என்று நினைத்துவிட்டேன் என்றார் மேலாளர். எல்லாரும் நம்பினார்கள். பாவம் மனுஷன் என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்கள். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் குளிர் அறை ஃபேன் உறுமிக்கொண்டிருந்ததே! எத்தனை வருஷம் கேட்டுப் பழகிய காது! அன்று காலை சுமை ஆட்கள் முன்னால் தன் தப்பைச் சுட்டிக்காட்டிய பொடியன், கொஞ்ச நேரம் நடுங்கட்டும் என்றுதான் விட்டார். பிறகு ஆட்டம் சூடுபிடித்தது. மறந்தே போனார்.

"ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க" என்று ஆட்டத்தைத் தொடர்ந்தாள் மனைவி. "என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"நேத்து தம்பியோட சாமானை வாங்கக் கிடங்குக்குப் போனேன். அந்த ரூமைத் திறந்து காட்டினாங்க. ஃபேன் என்னமா கத்துது! போன்லயும் கேட்டிருக்குமே?"

"இல்ல. கேக்கல."

அவர் கால்கள் தரையில் படவில்லை. செருப்பு நழுவி எங்கோ கீழே, ரொம்பக் கீழே விழுந்தது. மேசை விளிம்பு மோவாய்க்கு வந்திருந்தது. அவள் கோப்பையிலிருந்து டீ வாசனை கனமாக, ஈரமாக, மூச்சடைக்கிற அளவுக்கு இறங்கியது.

"கடைசியாக் கேக்கிறேன். கேட்டுச்சா?"

"சத்தியமாக் கேக்கல!" என்றார். அந்தக் குரல் அவருக்கே கொசுவின் ரீங்காரம்போலக் கேட்டது.

மேசை மேலே போனது. நாற்காலி மைதானமானது. எங்கோ உயரத்தில் மருந்துக்கடைக்காரரின் குரல் இடியாக உருண்டது. "எங்கம்மா போனாரு? இப்பத்தானே இங்க உக்காந்திருந்தாரு?"

"பாத்ரூம் போயிருப்பாருண்ணே. மழை வலுக்குது. நீங்க கிளம்புங்க."

அவர் கத்தினார். கையை ஆட்டினார். குதித்தார். வாசற்கதவு சாத்திக்கொண்ட அதிர்வில் குப்புற விழுந்தார்.

இரண்டு விரல்கள் வந்தன. சோப்பு வாசனை. ரேகைகள் ஒவ்வொன்றும் அவர் கையளவு. தூக்கின. காற்று. பிறகு குளிர்.

கதவு மூடியது.

இருட்டு. உள்ளங்கால் பனியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தார். தோல் போனது. மறுபடி ஒட்டியது.

"கேட்டுச்சு!" என்று அலறினார். "ஃபேன் கேட்டுச்சு! எனக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் போனை வச்சேன்! மன்னிச்சிரு! திற!"

வெளியே பகடை உருண்டது. கடகட. கடகட. நின்றது.

"ஆறு" என்றாள் அவள்.

அவருக்கு அழுகை பொங்கியது. அவருடைய விதி. அவரே உண்டாக்கியது. கதவு ஒரு விரலளவு திறந்தது. வெளிச்சம் கீற்றாக விழுந்தது. அந்தக் கீற்றை மறைத்துக்கொண்டு ஒரு காது வந்து ஒட்டியது. மடல் மடலாக, வெதுவெதுப்பாக, நடுவில் கருங்குழி. அவர் தவழ்ந்து போய் அதற்குள் கத்தினார். இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினார்.

"கேக்குதுங்க" என்றாள். "ஒவ்வொரு வார்த்தையும் கேக்குது. அவனும் இப்படித்தானே கத்தியிருப்பான்?"

"திறடி! செத்துருவேன்!"

"ம். நிறுத்தாதீங்க."

காது நகரவில்லை. தரையில் நாற்காலி ஒன்று கரகரவென்று இழுபட்டு வந்து நின்றது. அவள் சாவகாசமாக உட்கார்ந்து, காதை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.